அன்னமந்திரத்துக்கு ஒரு திருத்தம்

தூத்துக்குடியில் காட்டன் ரோட்டில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில், ஓர் உலகம் இருக்கிறது. அதற்கு முத்தூர் என்று பெயர். அங்கே கடல் உண்டு, சுறா உண்டு, அரசன் உண்டு, மந்திரவாதிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள். சாவி, முத்துக்கரை மாயவுலகக் கழகத்தின் செயலாளரிடம் இருக்கும்.

விளையாட்டு என்று சொன்னால் கழகத்தாருக்குக் கோபம் வரும். ஆனால் அது விளையாட்டுதான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். எதிரே சுறா வருகிறது, என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டால், கடல்கட்டு மந்திரம் போடுகிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் சுறாவின் வாய் கட்டிப்போகும். சின்ன எண் விழுந்தால் உங்கள் கால் போகும். காலேஜ் பையன்கள் நாலு பேர் ஆரம்பித்தபோது இவ்வளவுதான் இருந்தது. அப்புறம் பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள் வந்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் செயலாளர் வேண்டும், இரண்டு பேரும் வந்த பிறகு ஒரு குழு போடாமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? விதிக்குழு பிறந்தது. ஆரம்பித்த பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்று சென்னைக்கும் கப்பலுக்கும் போய்விட்டார்கள்.

தலைவர் பர்னபாஸ். ஊரில் அவரைக் கேப்டன் என்பார்கள். கப்பலில் அவர் சமையல்காரராக இருந்தார். கரையேறி, பையன்களைக் கப்பலுக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்று திறந்த பிறகு கேப்டன் ஆனார். முத்தூரின் அரசனும் அவர்தான். செயலாளர் சண்முகவடிவு, பத்திரப் பதிவு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். விதிக்குழுவின் தலைவர் ஜெயகணேஷ் அண்ணாச்சி, தொழில், ஆடிட்டர். கதையை நடத்துவதும் அவரே.

மந்திரத்தை லேசாக நினைக்கக் கூடாது என்பது ஜெயகணேஷ் அண்ணாச்சியின் கொள்கை. ஒரு மந்திரத்தில் ஓட்டை இருந்தால் உலகமே ஒழுகிப்போகும் என்பார். முதலில் மாட்டியது மழைமந்திரம். மழை பெய்தால் உப்பளம் என்ன ஆகும்? முத்தூரிலும் உப்பளம் உண்டு என்று குழு கண்டுபிடித்தது. உப்பளம் உண்டென்றால் முதலாளி உண்டு, முதலாளி உண்டென்றால் மழை கொண்டுவருகிறவனை விட்டுவைப்பாரா? ஆகவே மழைமந்திரம் இனிமேல் உப்பளம் இல்லாத சாத்தான்குளம் பக்கம் மட்டும் செல்லும் என்று விதி வந்தது. சாத்தான்குளம் முத்தூர் உலகத்தில் இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அடுத்தது, ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும் மந்திரம். எல்லாரும் இப்படி மறைந்து தோன்றினால் துறைமுகத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் மறைந்தவன் மறுபடி தோன்றுவதற்கு முன்னால், வெளியே நங்கூரம் போட்ட கப்பலைப் போலத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆவணியில் மறைந்த ஒரு மந்திரவாதி இன்னும் தோன்றவில்லை. அவரை எடுத்து ஆடிய கல்லூரி வாத்தியார் வாராவாரம் வந்து, பேசாமல் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போகிறார்.

இந்த மாடிக்கு ஜெர்லின் வந்து சேர்ந்தது மந்திர ஆசையால் அல்ல. திரேஸ்புரத்துக்காரி, ஐஸ் கம்பெனி ஒன்றில் பில் போடுகிற வேலை. ஆரம்பித்த நாலு பையன்களில் ஒருவன் அவள் தம்பி ஜெபின். பங்குனியில் கேப்டன் ஆபீஸ்தான் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டது. ஆடியில் கப்பலின் முதலாளி கப்பலையும் ஆட்களையும் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே விட்டுவிட்டுக் காணாமல் போனார். பாஸ்போர்ட் அவரிடம். சம்பளம் கிடையாது. அரிசி குறைந்துகொண்டே வந்தது. டீசலும் தீரப்போகிறது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். அப்போதுதான் போன்களுக்கு உயிர் வரும்.

அந்தக் கொஞ்ச நேரத்தை ஜெபின் முத்தூருக்குக் கொடுத்தான். வீட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா ஞானசௌந்தரி அழுவாள், அவனும் அழுவான், சார்ஜ் தீர்ந்துவிடும். மாடியிலோ அவன் கொற்கையான் என்கிற மந்திரவாதி. ஜெர்லின் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி மேஜையில் வைப்பாள். சத்தம் அறை முழுக்கக் கேட்கும். சும்மா உட்காரக் கூடாது என்று விதி இருந்ததால், அவளுக்கும் வைத்தியச்சி வேஷம் ஒன்றைக் கொடுத்து உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கொற்கையானிடம் இருந்த மந்திரங்களில் ஜெபினுக்குப் பிடித்தது அன்னமந்திரம். சோறு வரவழைக்கிற மந்திரம். அதிலும் விதிக்குழு கை வைத்திருந்தது: பத்துப் பேருக்குக் குறையாமல் பந்தியாகத்தான் வரவழைக்கலாம்; தனி ஆளுக்கெல்லாம் வரவழைத்தால் முத்தூரின் ஓட்டல்கள் படுத்துவிடும். எத்தனை பேருக்கு என்று ஜெயகணேஷ் அண்ணாச்சி கேட்பார். "பதினோரு பேருக்கு அண்ணாச்சி" என்பான் ஜெபின். கப்பலில் இருந்தவர்கள் பதினோரு பேர்.

பிறகு என்னென்ன வந்தது என்று சொல்ல ஆரம்பிப்பான். ஆவி பறக்கிற சோறு. மாங்காய் போட்ட சீலா மீன் குழம்பு. தேங்காய் நன்றாக அரைத்தது. ஓரம் முறுகிய நெத்திலி. ஒவ்வொன்றையும் தமிழில் மேஜையைச் சுற்றி இருந்த எங்களுக்கும் ஹிந்தியில் கப்பல்காரர்களுக்கும் சொல்வான். வாயால் வடை சுடுவது என்பார்கள், அதைத்தான் அவன் செய்தான். ஆனால் அங்கே சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு வடை கிடையாது. ஒருநாள் வங்காளத்துக்காரன் ஒருவன் குழம்பில் கடுகு போதாது என்று குறுக்கே சொன்னது டம்ளருக்குள்ளிருந்து கேட்டது. ஜெர்லின் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கப்பல்காரர்களுக்கு உதவி செய்கிற ஒரு சர்ச் சாமியார் அவளுக்கு வழி சொல்லியிருந்தார். பெரிய வழி ஒன்றும் இல்லை. அந்த நாட்டு அதிகாரிகள் கப்பலில் ஏறி விசாரிக்கும்போது, இங்கே கப்பல் சம்பந்தமான அலுவலகத்தில் இருந்து ஏஜென்டைக் கேட்பார்கள். ஆமாம், இந்தப் பையனை நான்தான் அனுப்பினேன் என்று ஏஜென்ட் நேரில் வந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆமாம் போதும், ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான். சம்பளப் பாக்கியும் ஏஜென்ட் தலையில் விழும் என்பதையும் சாமியார் மறைக்காமல் சொன்னார்.

ஜெர்லின் கேப்டனின் ஆபீஸுக்குப் போனாள். கேப்டன் அவளை உட்காரச் சொல்லி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, சர்பத் வரவழைத்தார்.

"ஏளா, ஏத்திவிடுத வரைக்கும்தான் நம்ம பொறுப்பு. அதுக்கப்புறம் கடல் இருக்கு, மாதா இருக்கா. அவிய வேலையில நான் தலையிடலாமா?"

"நீங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும் மாமா. சாமியார் சொல்லுதாவ."

சொல்லலாம் என்றார் கேப்டன். ஆனால் தாம் ஒரு பொறுப்பில் இருப்பதாகவும், கழகத்தில் அன்னமந்திரப் பிரச்சினை பெரிதாகிக்கொண்டிருப்பதாகவும், அது முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஜெர்லினுக்குப் புரிந்தது. அந்த ஆமாம் வேண்டுமென்றால் மாடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், மற்றவர்கள் கை தட்டும்போது தானும் தட்ட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்ற பழமொழியை அவள் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறாள். சர்பத் மட்டும் பூசாரி வாங்கிக் கொடுப்பான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அன்னமந்திரத்தில் ஓட்டை இருப்பதை ஜெயகணேஷ் அண்ணாச்சி ஐப்பசியில் கண்டுபிடித்தார். விதிக்குழு கூடியது. மேஜையில் முந்திரி மக்ரூன் இனிப்புத் தட்டு இருந்தது. தூத்துக்குடியில் எந்தக் கூட்டமும் மக்ரூன் இல்லாமல் செல்லாது என்பது கழகத்தில் எழுதப்படாத விதி.

"ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னா சோறு வருதுன்னு வைங்க" என்றார் அண்ணாச்சி. "பொறவு எவன் வல வீசுவான்? எவன் உப்பள்ளுவான்? முத்துக்கு எவன் முங்குவான்? பசிச்ச வயிறுதான் முங்கும், ரொம்புன வயிறு மெதக்கும். பசிதான் இந்த உலகத்துக்கு அஸ்திவாரம். அதப் பிடுங்கிட்டு அரண்மனை கட்டச் சொன்னா நான் என்னத்த வச்சிக் கட்டுவேன்?"

அவர் கண்கள் கலங்கிவிட்டன. ஒரு மக்ரூனை எடுத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்மையிலேயே முத்தூரின் பொருளாதாரத்தை நினைத்து அந்த மனிதர் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

உடனே தடை செய்துவிடவில்லை, கழகம் ஈரமில்லாதது அல்ல. சோறு வரட்டும், ஆனால் வயிறு நிறையக் கூடாது என்று திருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை இதை ஜெபினிடம் சொன்னபோது, பரவாயில்லை அண்ணாச்சி, பழகிப்போச்சு என்றான். அன்றைக்குக் கணவாய்த் தொக்கு. வயிறு நிறையாவிட்டாலும் ருசி இருக்கிறதே, ருசிக்கு அடிமையானவன் வேலைக்குப் போவானா என்று அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ருசியை எடுத்தார்கள். ஜெபின் வாசனையை மட்டும் சொன்னான்: தாளிக்கிற வாசனை, கறிவேப்பிலை பொரிகிற மணம். கப்பலில் பத்துப் பேரும் மூச்சை இழுத்தது டம்ளரில் கேட்டது. வாசனையும் போயிற்று. கடைசியில் ஒன்றும் மிச்சமில்லாத மந்திரத்தை வைத்திருப்பது கழகத்துக்கு அழகல்ல என்று, அதை முழுசாகவே ரத்து செய்தார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். சண்முகவடிவு எழுந்தார். முப்பது வருஷம் பத்திரம் பார்த்த கண்.

"ரத்துன்னா மூலத்துல இருந்து ரத்து பண்ணணும்" என்றார். "நடுவுல ரத்து பண்ணுன பத்திரம் கோர்ட்ல நிக்காது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மூலத்தில் இருந்து ரத்து என்றால், கொற்கையான் இதுவரை மந்திரத்தால் வரவழைத்துச் சாப்பிட்ட சோறெல்லாம் சாப்பிடாத சோறு. போன கார்த்திகையில் இருந்து கொற்கையான் வேறெதையும் சாப்பிட்டதாகக் கதையில் இல்லை. மனுஷன் அவ்வளவு நாள் தாங்க மாட்டான். கணக்குப் போட்டுப் பார்த்த ஜெயகணேஷ் அண்ணாச்சி, கொற்கையான் பொங்கலன்றே பட்டினியில் இறந்துவிட்டான் என்று வருத்தத்துடன் அறிவித்தார்.

பொங்கலில் இறந்தவன் அதற்குப் பிறகு செய்த காரியங்கள் எப்படிச் செல்லும்? புரட்டாசியில் கொற்கையான் கடல்கட்டு போட்டு ஒரு முத்துக்குளிப்புத் தோணிக் கூட்டத்தையே சுறாக்களிடமிருந்து காப்பாற்றியிருந்தான். அது செல்லாது. ஆகவே சுறாக்கள் அந்தக் கூட்டத்தைத் தின்றுவிட்டன. ஜெர்லினின் வைத்தியச்சி அந்தத் தோணியில் இருந்தாள், செத்தாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சமயம் கொற்கையானால் பிழைத்தவர்கள். வரிசையாகச் செத்தார்கள். மறைந்த மந்திரவாதியும் மறைந்த இடத்திலேயே செத்தார். வாத்தியார் அதைக் கேட்டு இன்னொரு டீ கேட்டார். அங்கத்தினர்கள் யாரும் எதிர்க்கவில்லை. வேஷம் போனாலும் நாற்காலி போகாது, தட்டும் வரும் என்று செயலாளர் உறுதி சொல்லியிருந்தார்.

சிக்கல் அரசரிடம் வந்து நின்றது. கேப்டனின் அரசரும் அந்தத் தோணியில்தான் இருந்தார். அரசரைச் சுறா தின்றது என்று எழுத எந்தக் கைக்குத் துணிவு வரும்? பதவியில் இருப்பவரைச் சுறா தொடாது என்று ஒரு விதி போட்டார்கள். போட்ட பிறகு ஜெயகணேஷ் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். சுறா பதவி பார்த்துக் கடிக்கும் என்றால், யார் யார் என்ன பதவி என்று சுறாவுக்குத் தெரிய வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆள் என்றால் இலாகா வேண்டும். சுறாக்களுக்கு மரியாதை கற்பிக்கும் இலாகா என்று ஒன்று முத்தூரில் உண்டாயிற்று. அதில் விதிக்குழுத் தலைவருக்கும் செயலாளருக்கும் பதவி கொடுத்ததால் அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். ஆக முத்தூரில் மிஞ்சியது மூன்று பேர். இப்போதுதான் இந்த உலகம் ஓட்டையில்லாமல் இருக்கிறது என்றார் அண்ணாச்சி.

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொற்கையானுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இரங்கல் என்றால் பிளக்ஸ் வேண்டும், பிளக்ஸ் என்றால் படம் வேண்டும். கொற்கையானுக்கு ஏது முகம்? கேப்டன் தம் ஆபீஸில் இருந்து ஜெபினின் பாஸ்போர்ட் படத்தை அனுப்பினார். பிளக்ஸ் அடிக்கிறவன் தொழில் தெரிந்தவன். இரண்டு பெயர் கொடுத்தால் எப்படிப் போடுவது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கண்ணீர் அஞ்சலி. ஜெபின் என்ற கொற்கையான். மறைவு: தைப்பொங்கல். ஆழ்ந்த துயருடன், கேப்டன் பர்னபாஸ்' என்று அடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டிவிட்டான். படத்துக்குக் கீழே இரண்டு புறா.

ஞானசௌந்தரி அதை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் பார்த்து நடுரோட்டில் விழுந்தாள். தண்ணீர் தெளித்துத் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள். தெருவே வந்து ஒப்பாரி வைத்தது. ஜெர்லின் பிளக்ஸை அவிழ்க்கச் சொல்லிக் கேப்டனிடம் ஓடினாள். கட்டிய பிளக்ஸைக் காரியம் முடிவதற்கு முன்னால் அவிழ்ப்பது வீட்டுக்கு ஆகாது என்றார் அவர். அது வேற உலகம், இது வேற உலகம், ரெண்டையும் போட்டுக் குழப்பாத என்று புத்தியும் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் டம்ளருக்கு மாலை போட்டிருந்தார்கள். ஜெபின் கூப்பிட்டான். ஜெயகணேஷ் அண்ணாச்சி விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார்.

"சரி அண்ணாச்சி, செத்ததாவே இருக்கட்டும்" என்றான் ஜெபின். "அக்கா, இதக் கேளு. புதன்கிழமை..."

செயலாளர் கையைத் தூக்கினார். இறந்தவர் தம் இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்கு விதியில் இடமில்லை என்றார். டம்ளரைப் போனோடு அப்படியே மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். உள்ளே ஜெபின் பேசிக்கொண்டே இருந்தான். கிணற்றுக்குள் இருந்து வருவது போல் முணுமுணுப்பாகக் கேட்டது. ஜெர்லின் எழுந்தாள். கேப்டன் அவளைப் பார்த்தார். ஒரு ஆமாம் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்கார்ந்ததை நினைத்து இன்றுவரை தன்னை அவள் மன்னிக்கவில்லை. இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார்கள். கேப்டன் பேசினார். பசி என்றால் என்னவென்று கப்பலில் பத்துப் பேருக்குப் பொங்கிப்போட்ட தமக்குத்தான் தெரியும் என்றும், கொற்கையானைப் போல ஒரு பிள்ளை பட்டினியால் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற சமுதாயம் உருப்படாது என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். டம்ளரை நிமிர்த்தியபோது இணைப்பு போயிருந்தது.

ஜெபின் சொல்ல வந்தது, புதன்கிழமை அதிகாரிகள் கப்பலுக்கு வருகிறார்கள் என்பது. வந்தார்கள். பதினோரு பேரையும் எழுதிக்கொண்டார்கள். அந்தந்த ஊர் ஏஜென்டைக் கேட்டார்கள். திட்டிக்கொண்டேயானாலும் பத்துப் பேரின் ஏஜென்டுகள் ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடியில் இருந்து கேப்டனைக் கூப்பிட்டார்கள். சாமியார் சொல்லி ஜெர்லினும் அந்த அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி கேட்ட கேள்வி எளிமையானது: ஜெபின் என்பவரை நீங்கள்தானே அனுப்பினீர்கள்?

கேப்டன் பொய் சொல்லவில்லை. இதை அவர் பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொன்னார். "அந்தப் பையனுக்குப் போன வாரம்தான் சார் இரங்கல் கூட்டம் நடத்துனோம். நாந்தான் தலைமை. பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் இன்னும் தொங்குது, பாத்துக்கிடுங்க" என்றார்.

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கிருந்தே தெரிந்தது. அவருக்கு ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. தை மாதம் மறைவு, பங்குனியில் கப்பல் ஏறியிருக்கிறார் என்கிறார்கள். இறந்தவரை யாரும் அனுப்பியிருக்க முடியாதே என்றார். ஜெர்லின் கத்தினாள். அவன் போன ஞாயிற்றுக்கிழமை பேசினான் என்றாள். பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பதிவு செய்து வைத்திருந்த அவன் குரலைப் போட்டுக் காட்டினாள். நெத்திலி, ஓரம் முறுகினது, என்றது போன்.

அதிகாரி பரிவோடு தலையை ஆட்டினார். "இப்பல்லாம் செத்தவங்க குரல்லயே கம்ப்யூட்டர் பேசுதும்மா. எங்க மாமனார் கூட நேத்து பேசினாரு. ஆள நேர்ல கூட்டிட்டு வாங்க, உயிரோட இருக்காருன்னு நானே எழுதித் தாரேன்."

நேரில் வருவதற்கு அவன் உயிரோடு இருப்பதாக நீங்கள் எழுதினால்தானே அங்கே விடுவார்கள் என்று ஜெர்லின் கேட்டாள். அது அந்த நாட்டு விஷயம் என்றார் அதிகாரி. அடுத்த வாரம் பத்துப் பேர் படகில் இறங்கி ஊருக்குப் போனார்கள். வங்காளத்துக்காரன் ஜெபினைக் கட்டிப்பிடித்து அழுதானாம். தன் பங்கு அரிசியை விட்டுப் போனானாம்.

ஜெர்லின் கடைசியாக மாடிக்குப் போனாள். இந்த முறை அவள் வாயை மூடவில்லை. செத்தது கொற்கையான், என் தம்பி இல்லை என்றாள். கொற்கையான் என்று ஒருவன் கிடையாது, ஜெபின் என்று ஒருவன் உண்டு, அவன் கடலில் தனியாகக் கிடக்கிறான், ஒரு தீர்மானம் போட்டு அவன் சாகவில்லை என்று சொல்லுங்கள், அதை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் போகிறேன் என்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இது எழுப்புமந்திரம் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் என்று ஜெயகணேஷ் அண்ணாச்சி வகைப்படுத்தினார். பிறகு சாவகாசமாக விளக்கினார்.

"செத்தவன எழுப்பலாம்மா, ஒரு பகட உருட்டுனா போதும். ஆனா ஒருத்தன எழுப்புனா ஊரே வந்து வரிசையில நிக்கும். சவப்பெட்டிக் கடைக்காரன் என்ன செய்வான்? சொத்தப் பிரிச்சவன் திருப்பிக் குடுப்பானா? ஒந் தம்பிக்காவ ஒரு உலகத்தையே கவுக்கச் சொல்லுதியா?"

கேப்டன் குறுக்கிட்டார். கழகத்துக்கு இதயம் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டிய நேரம் என்றார். மூன்று பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். செயலாளர் எழுந்து வாசித்தார். இறந்தவர்களுக்கு வயிறு கிடையாது. வயிறு இல்லாதவர் சாப்பிடுவதால் எந்த வியாபாரிக்கும் நஷ்டம் இல்லை. ஆகவே அன்னமந்திரம் இறந்தவர்களுக்கு மட்டும், ருசி வாசனையுடன், மீண்டும் அனுமதிக்கப்படுகிறது. பழைய நிபந்தனைகள் தொடரும். கைதட்டல் எழுந்தது. கேப்டன் ஜெர்லினின் தலையில் கை வைத்து, "சந்தோஷந்தானளா?" என்றார்.

அந்த நேரம் போன் அடித்தது. ஜெர்லின் பழக்கத்தில் அதை டம்ளருக்குள் வைத்தாள். ஜெபினின் குரல் மெலிந்திருந்தது. கடைசி டீசல் அக்கா என்றான். ஜெயகணேஷ் அண்ணாச்சி சந்தோஷச் செய்தியைத் தாமே சொன்னார். ஜெபின் சிரிக்க முயன்றான் என்று நினைக்கிறேன், இருமல் வந்தது. பிறகு, போடுகிறேன் அண்ணாச்சி என்றான். பகடை உருண்டது. பெரிய எண்.

"எத்தன பேருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு ஆளுக்கு" என்றான் ஜெபின்.

அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். பத்துப் பேருக்குக் குறையாமல்தான் விதி என்பதை நினைவுபடுத்தினார். தாம் எவ்வளவோ இறங்கி வந்தாயிற்று, இதற்கு மேல் கையில் இல்லை என்றார்.

ஜெர்லின் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நானும் செத்தவதான் அண்ணாச்சி. என்னையும் சேத்துக்கிடுங்க." மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். பதவிக்காரர் மூன்று பேரைத் தவிரப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேரும் செத்தவர்கள், ஒரு காலத்தில் கொற்கையான் கையால் பிழைத்தவர்கள். "இன்னும் எட்டுப் பேர் கையத் தூக்குனா போதும். காசா பணமா. சும்மா தூக்குங்க."

அவர்கள் கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். வாத்தியார் காலி டீ கிளாஸின் அடியைப் பார்த்தார். வெகு நேரம் கழித்து மேஜைக்கு மேலே ஒரு கை வந்தது. அந்தக் கை நீண்டு, மக்ரூன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

டம்ளருக்குள்ளிருந்து ஜெபின் கேட்டான்.

"எத்தன பேர் சேந்தாவ, அக்கா?"